பெட்டியைக் கட்டியது யார்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், இந்தக் குளிரிலும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கோத்தகிரி மக்களுக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும்: மென்பொருள் ஆராய்ச்சியாளருக்குத் துணை நிற்பது மாநாட்டுப் பயணமா, வீட்டு அடுப்படியா? நான் பயணத்தின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "இவங்க வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு அப்பா படம் வரையச் சொல்லுங்க, சக்கரம் வச்ச பெட்டியை வரைஞ்சு கொடுக்கும்" என்றார். அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன், என் மகள் அதைத்தான் வரைந்தாள். ஒன்றாம் வகுப்பில் 'என் அப்பா' என்று வரையச் சொன்னார்கள். இவள் நீலக் கலரில் ஒரு பெட்டி, கீழே இரண்டு சக்கரம், மேலே ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்துவிட்டாள். டீச்சர் என் மனைவியைக் கூப்பிட்டு, "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அதனால் இந்த ஒரு கேலிக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், கொண்டுவந்த குறிப்புகள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அண்ணன் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அது ஒரு நவம்பர். சியாட்டில் நகரத்தில் மாநாடு. எங்கள் துறையில் மற்ற துறைகளைப் போல ஆய்விதழில் வருவது மட்டும் கணக்கு இல்லை, மாநாட்டுக் கட்டுரைதான் பெரிய கணக்கு, எழுதியவர்களில் ஒருவராவது பதிவுசெய்து மேடையேற வேண்டும். சரி, இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. ராத்திரி பத்து மணிக்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. அம்மா இரண்டு பாக்கெட் டீத்தூள் வைத்தார். மனைவி, அங்கேயும் மழையாம் என்று ஸ்வெட்டர் வைத்தாள். அப்பாயி தைலப் பாட்டிலை ஒரு காலுறைக்குள் திணித்து வைத்தது. கடைசியில் என் மகள் வந்தாள், கையில் ஒரு பெரிய பை நிறைய வர்க்கி. ஆமாம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் வர்க்கிதான். "எதுக்கும்மா இவ்வளவு?" என்றேன். அவள் சொன்னாள், "அங்க யாரும் உங்ககூடப் பேசலைன்னா இதைக் கொடுங்கப்பா, பேசுவாங்க." பள்ளிக்கூடத்தில் அவள் சிநேகிதம் பிடித்த வழி அது, அதை எனக்குக் கட்டிக் கொடுத்தாள்.

விடிகாலையில் கிளம்பினால் குஞ்சப்பனை பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் எங்கள் ஜீப், அந்தப் பக்கம் ஒரு டாக்சி, நடுவில் சேறு. மரம் வெட்ட வந்த அண்ணன் ஒருவர் என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு தாண்டினார். "என்ன தம்பி உள்ள, கல்லா?" என்றார். "வர்க்கிண்ணே" என்றேன். "வர்க்கியா இந்தக் கனம்?" என்றவர், அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். கோயம்புத்தூர் விமானத்தைப் பிடித்தேன். அவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் சொல்லிக்கொள்கிறேன் அண்ணே, பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

இனிதான் விஷயம். எங்கள் ஆய்வு என்னவென்றால், ஒரே நிரல், அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற ஒரே சோதனை, ஒரு நேரம் தேறும், ஒரு நேரம் தோற்கும், ஏன் என்று கண்டுபிடிப்பது. மென்பொருள் எழுதுகிற எல்லோருக்கும் தலைவலி கொடுக்கிற நோய் இது. எங்களிடமே அப்படிச் சில சோதனைகள் இருந்தன. நான் அவற்றை வீட்டில் மகள் தூங்கிய பிறகு ஓட்டுவேன். சில ராத்திரி தேறும், சில ராத்திரி தோற்கும். ராத்திரியில் சர்வரில் பேக்கப் ஓடுகிறது, அந்தப் பளுவால் தோற்கிறது என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தோம்.

சியாட்டிலில் காலை பதினோரு மணி. என் மேசையில் கணினி ஒரு பக்கம், வர்க்கி ஒரு பக்கம். பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒரு அம்மா, நேராக வர்க்கிக்குத்தான் வந்தார். ஒன்றைக் கடித்தார், இன்னொன்றையும் எடுத்தார், இரண்டாவதைத் தின்று முடிக்கும் வரை நின்றுதானே ஆக வேண்டும், நின்றார். நான் சோதனையை ஓட்டிக் காட்டினேன், தோற்றது. அவர் பார்வை திரையின் மூலைக்குப் போனது. "கடிகாரம் ஏன் பன்னிரண்டரை காட்டுகிறது?" என்றார். "அது எங்கள் ஊர் நேரம், நள்ளிரவு பன்னிரண்டரை. மகள் எப்போது எழுந்திருப்பாள், எப்போது தூங்குவாள் என்று பார்ப்பதற்காக மாற்றாமல் வைத்திருக்கிறேன்" என்றேன். அவர் வாயில் வர்க்கியோடு அப்படியே நின்றுவிட்டார். "உலகப் பொது நேரத்துக்கு நீங்கள் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறீர்கள். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரை உங்கள் ஊர்த் தேதி வேறு, பொது நேரத் தேதி வேறு. உங்கள் சோதனை இரண்டையும் ஒப்பிடுகிறதா?" கடிகாரத்தைச் சியாட்டில் நேரத்துக்கு மாற்றி ஓட்டினேன், தேறியது. மறுபடி கோத்தகிரி நேரம், தோற்றது. மறுபடி சியாட்டில், தேறியது. வீட்டில் நான் பதினோரு மணிக்கு ஓட்டிய ராத்திரியெல்லாம் தேறியிருக்கிறது, பன்னிரண்டு தாண்டி ஓட்டிய ராத்திரியெல்லாம் தோற்றிருக்கிறது. நடுவர் ஐயா, ஒரு வருடப் பளு அந்த மேசையில் இறங்கியது. வர்க்கி இல்லையென்றால் அவர் நிற்கவில்லை. கடிகாரத்தை மகளுக்காக வைத்திருக்கவில்லையென்றால் அவர் பார்க்கவில்லை. நான் போகவில்லையென்றால் இரண்டுமே இல்லை!

எதிரணியில் கேட்டார்கள், 2020-இல் எல்லாம் வீட்டிலிருந்தே நடந்ததே என்று. நடந்தது. அடிஸ் அபாபாவில் நடக்க இருந்த ஐசிஎல்ஆர் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாடு, சியோலில் நடக்க இருந்த ஐசிஎஸ்இ என்ற மென்பொருள் மாநாடு, எல்லாம் திரைக்குள் வந்தன. நானும் உட்கார்ந்தேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை ஒன்பது என்றால் இங்கே ராத்திரி ஒன்பதரை, பத்தரை. அப்படி ஐந்து ராத்திரி காதில் இயர்போனோடு இருந்தேன். மகள் கதை கேட்டு வந்து கதவைத் தட்டியபோது, உள்ளே இருந்துகொண்டே "அப்பா இல்லை போ" என்பது போல் கையை ஆட்டினேன். ஒரே கூரைக்குக் கீழே இருந்து அவளுக்கு இல்லாமல் போனது அந்த ஐந்து நாள்தான். சியாட்டிலில் இருந்தபோது தினமும் அவளிடம் அரை மணி நேரம் பேசினேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் இருந்தபடியே இணையச் செய்திக்குழுவில் ஒரு கடிதம் போட்டு லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை அறிவித்தாரே என்று கேட்டார்கள். நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். அதே 1991 டிசம்பரில், அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடந்த மாநாட்டுக்கு டிம் பெர்னர்ஸ்-லீ தான் உருவாக்கிய உலகளாவிய வலையைப் பற்றி அனுப்பிய கட்டுரையை நிராகரித்துவிட்டார்கள், செய்து காட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. போனார், செய்து காட்டினார். சரி, இதில் இன்னும் பேசலாம், எனக்குப் பெட்டிதான் முக்கியம்.

அந்தப் படத்தைப் பற்றி டீச்சர் என் மகளிடமே கேட்டிருக்கிறார், அப்பா எங்கே என்று. அவள் சொல்லியிருக்கிறாள், "அப்பா உள்ள இல்ல மிஸ், உள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும், நான்தான் கட்டினேன்." அண்ணே, உங்கள் கேலிக்கு என் மகள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இன்னொரு பெட்டி இருக்கிறது, தகரப் பெட்டி. இங்கே பாதிப் பேர் வீட்டில் அது இருக்கும். 1964 ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டன. அப்படித்தான் என் அப்பாயி தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்தது. பெட்டியில் இரண்டு சேலை, ஒரு கல்யாணப் போட்டோ, கொழுந்துக் கூடையின் கயிறு. அதன் அக்கா அட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டது, அவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. அதற்கப்புறம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

அதனால் நான் எங்கே கிளம்பினாலும் அப்பாயி என்னைத் தடுக்காது, அழாது, ஒன்றே ஒன்று கேட்கும், "திரும்பி வர்ற டிக்கெட்ட காட்டு சாமி." அதற்கு வந்த பயணத்தில் அந்த டிக்கெட் இல்லை. நான் அச்செடுத்துக் கொடுப்பேன். படிக்கத் தெரியாது, தடவிப் பார்த்து மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொள்ளும். நான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு அதை எடுத்து, கிழித்து, அடுப்பில் போட்டுவிட்டு, அதே அடுப்பில் எனக்கு டீ வைக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். அதோ மூன்றாவது வரிசையில், பச்சைச் சால்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்பாயிதான். அடுத்த மாதம் எனக்கு ஒரு மாநாடு இருக்கிறது. திரும்பி வரும் டிக்கெட் இதோ சட்டைப்பையில், இன்னும் கொடுக்கவில்லை. இறங்கிப் போய்க் கொடுத்துவிடுகிறேன். வணக்கம்.