செம்மண் கூட்டுக்குள் ஒரு படையெடுப்பு

நேயர்களுக்கு வணக்கம். வேற்றுக்கோள் உயிர்கள் ஒட்டுண்ணிகளாக வந்து மனித உடம்புக்குள் குடியேறும் அறிவியல் புனைகதைகளை நாற்பது ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகிறேன். ஆனால் முதல் படையெடுப்பை நான் பார்த்தது காரைக்குடியில், எங்கள் வீட்டு வாசல் நிலையில்.

பர்மா தேக்கில் கொடியும் பூவுமாகச் செதுக்கிய நிலை அது. கொடியின் மடிப்பில் ஒரு குளவி செம்மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து கூடு கட்டியது. விளக்குமாற்றோடு வந்தவர்களை அப்பத்தா தடுத்துவிட்டார். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். சித்தி அப்போது முழுகாமல் இருந்தார். அப்பத்தா கண்ணயர்ந்த ஒரு மதியத்தில் ஈர்க்குச்சியால் கூட்டைக் குத்தினேன். உள்ளே ஆறேழு பச்சைப் புழுக்கள், நெருக்கி அடைத்தபடி. செத்தவை என்று நினைத்துத் தொட்டேன். ஒன்று மெல்ல நெளிந்தது. அதன் விலாவில் அரிசிமணி போல வெள்ளையாக ஏதோ ஒன்று வாய் வைத்திருந்தது.

‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று குருவின் பெருமைக்குச் சொல்கிறோம். கூட்டுக்குள் நடப்பது வேறு. புழு செத்தால் அழுகிவிடும். அதனால் குளவி அதைக் கொல்வதில்லை. கொட்டி, அசையாமல் கிடத்திவிடுகிறது. மறுபடியும் சொல்கிறேன், கொல்வதில்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு உயிருள்ள, கெடாத இரை வேண்டும். இப்படிப் புழுக்களின் உடம்புக்குள்ளேயே இருந்து தின்னும் குளவிகளும் உண்டு. கருணையுள்ள கடவுள் அவற்றை வேண்டுமென்றே படைத்திருப்பாரா என்று டார்வினே 1860இல் ஒரு கடிதத்தில் மனம் கலங்கி எழுதினார். 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் ஒருவரின் நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி வெளிவரும்போது அரங்கமே அலறியிருக்கும். எனக்கு எங்கள் வாசல் நிலைதான் நினைவுக்கு வந்தது.

இந்தக் கதைகளோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு. நம் வீடுகளில் பெட்டகச் சாவி சாண் நீளம் இருக்கும். அடுத்த வளவுச் சாவியால் நம் பெட்டகம் திறக்காது. ஒட்டுண்ணியும் அப்படித்தான். எறும்பின் உடம்புக்குள் வளர்ந்து, அதைச் செடியில் ஏற வைத்து, இலை நரம்பைக் கடித்தபடியே சாகவைக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. எல்லா எறும்புகளிடமும் அதன் வித்தை பலிக்காது. அந்தச் சாவி தேய்ந்து பொருந்தப் பல லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ராபர்ட் ஹைன்லைனின் 1951ஆம் ஆண்டு நாவலில், சனியின் டைட்டன் நிலவிலிருந்து வந்த அட்டை போன்ற உயிர்கள் மனிதர் முதுகில் ஒட்டிக்கொண்டு அவர்களை ஆட்டிவைக்கின்றன. யார் முதுகில் இருக்கிறதோ என்று ஊரே சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அருமையான காட்சி. ஆனால் டைட்டனில் செய்த சாவி நம் தண்டுவடத்துக்கு எப்படிப் பொருந்தியது? இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும் எழுத்தாளரை நான் நம்பிப் படிப்பேன்.

வேற்றுக்கோள் உயிர்கள் மனிதரைப் போலவே உருவெடுத்து அவர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஜாக் ஃபின்னியின் 1955ஆம் ஆண்டு நாவலில் மட்டும் இந்த வழக்கை மறந்துவிட்டேன். அதில் ஒரு பெண் சொல்கிறாள், இவர் என் மாமா இல்லை என்று. முகம் அதே முகம், குரல் அதே குரல், பழைய நினைவுகளும் அப்படியே இருக்கின்றன. பாசம் மட்டும் இல்லை. ஒரே வளவில் நாலு அடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவன் நான். இருட்டில் யார் இருமினாலும் இன்னார் என்று சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் மாறிப்போய், அதை ஒரே ஒருத்தி மட்டும் கண்டுகொண்டால்? அன்று இரவு விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நல்ல ஒட்டுண்ணிகளைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். ஹால் கிளெமென்ட் 1950இல் எழுதிய ‘நீடில்’ நாவலை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுவனின் உடம்புக்குள் தங்கி, அவன் காயங்களிலிருந்து ரத்தம் வடியாமல் அடைத்து, அவனோடு சேர்ந்து தன் இனத்துக் குற்றவாளியைத் தேடும் காவலர் ஒருவரின் கதை. கிடைத்தால் படியுங்கள். வணக்கம்.