வெக்டர் எண்ணிக்கை சொல்லும், லிஸ்ட் சொல்லாது

வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நிரலுக்குள் பிழை தேட உதவும் டீபக்கரைப் பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். தூங்குகிறவர்களைக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

1, 2, 3 என்ற எண்களை, சி++ மொழியில் மதிப்புகளைச் சேர்த்துவைக்கும் வெக்டர், டெக், செட், லிஸ்ட் நான்கிலும் போட்டு, ஜிடிபி என்ற டீபக்கரில் பிரிண்ட் கொடுக்கிறோம். நான் பல வருஷமாகப் பார்த்துவந்தது இது: வெக்டர் 'ஆஃப் லெங்த் 3' என்று சொல்லிக் கெப்பாசிட்டியையும், அதாவது எத்தனைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதையும், சேர்த்துக்கொள்ளும். டெக், 'வித் 3 எலிமென்ட்ஸ்' என்று வேறு வாசகம் பேசும். செட்டும் அதே வாசகம்தான்; ஆனால் உள்ளே [0] = 1, [1] = 2 என்று வரிசை எண் போடும். செட்டில் ஏதப்பா வரிசை எண்? எஸ் என்ற செட்டுக்கு எஸ்[0] என்று எழுதினால் கம்பைலர் நம்மைத் திட்டும். லிஸ்ட்டோ தன் பெயரைச் சொல்லிவிட்டு உறுப்புகளைக் கொட்டும்; எத்தனை என்று நாமே விரல்விட்டு எண்ண வேண்டும்.

குறை சொல்வதற்கு முன் பழைய காலத்தையும் நினைக்க வேண்டும். 2009 அக்டோபரில் வந்த ஜிடிபி 7.0தான் இப்படி உள்ளதைப் படிக்கும்படி காட்டும் 'பிரிண்டர்' என்ற சிறு நிரல்களைப் பைத்தான் மொழியில் எழுத வழி செய்தது. அதுவரை வெக்டரைக் கேட்டால் _எம்_ஸ்டார்ட், _எம்_ஃபினிஷ் என்று நினைவக முகவரிகள்தான் வரும். சாவியும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் மேப்பைக் கேட்டால், அதற்குள் இருக்கும் சிவப்பு-கருப்பு மரத்தின் வேர் முகவரியைக் காட்டும்; மிச்சத்தை நாம் ஏறிப் பார்க்க வேண்டியதுதான்.

லிஸ்ட் ஏன் எண்ணிக்கை சொல்லவில்லை? காரணம் பிரிண்டரில் இல்லை, லிஸ்ட்டுக்குள்ளேயே இருந்தது என்பது என் கணிப்பு. ஜிசிசி கம்பைலரோடு வரும் லிப்எஸ்டிடிசி++ நூலகத்தின் பழைய லிஸ்ட் தன் அளவை எங்கும் குறித்துவைக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் ஒரு முனை; சைஸ் கேட்டால் முதல் முனையிலிருந்து கடைசிவரை நடந்து எண்ணும். சி++ மொழியின் சி++11 தரநிலை, எத்தனை உறுப்பு இருந்தாலும் அதை ஒரே எட்டில் சொல்லியாக வேண்டும் என்றது. 2015இல் ஜிசிசி 5 அதற்காக லிஸ்ட்டின் அமைப்பையே மாற்றி, அளவை உள்ளேயே வைத்தது. ஆக, இப்போது எண்ணிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு தடையும் இல்லை.

எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரைப் பாருங்கள். வெக்டரோ லிஸ்ட்டோ மேப்போ, 'சைஸ்=3' என்றுதான் தொடங்கும். விஷுவல் ஸ்டூடியோவின் டீபக்கரும் ஏறக்குறைய அப்படியே. எனக்கு அது பிடிக்கும். அதற்காக ஜிடிபியின் எல்லாவற்றையும் தூக்கி எறிய மாட்டேன். மேப்பில் சாவியையே அடைப்புக்குள் போட்டு ["அரிசி"] = 5 என்று காட்டுகிறதே, அதை விட்டுத்தர முடியாது. எல்எல்டிபியில் அங்கே [0] வந்து, சாவி ஃபர்ஸ்ட் என்ற பெயரோடு உள்ளே ஒதுங்கிவிடும்.

அதனால் என் கட்சி இது: எண்ணிக்கைக்கு எல்லாவற்றிலும் ஒரே வாசகம். வரிசை எண், உண்மையில் வரிசை எண் உள்ள இடத்தில் மட்டும்.

சரி, முன்னோக்கி மட்டுமே நடக்கக்கூடிய ஃபார்வர்ட் லிஸ்ட்டுக்கும் எண்ணிக்கை போட்டுவிடலாமா என்று முன்வரிசையில் ஒருவர் கை தூக்குகிறார். வேண்டாம். அதில் இன்றும் அளவு சேமிக்கப்படுவதில்லை. நடந்துதான் எண்ண வேண்டும். டீபக்கரைத் திறக்கிறோம் என்றாலே நினைவகம் கெட்டுப்போயிருக்கலாம். கடைசி முனை முதல் முனையையே சுட்டிக்கொண்டிருந்தால்? உறுப்புகளைக் காட்டும்போது ஜிடிபி வழக்கமாக 200இல் நிறுத்திக்கொள்ளும். தலைப்பு வரிக்காக எண்ணப் போன பிரிண்டருக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. அது சுற்றிக்கொண்டே இருக்கும்.