மெனு கார்டின் மெக்ஸிகன் பக்கத்தை எப்படிப் படிப்பது?

[திரையில்: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலை, மாலை நேரம். பிறகு ஒரு மெனு கார்டு.]

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி போன்ற ஊர்களுக்கு மெக்ஸிகன் உணவு பெரும்பாலும் தனிக் கடையாக வரவில்லை. பல நாட்டு உணவு பரிமாறும் உணவகங்களின் மெனு கார்டில் ஒரு பக்கமாகவே வந்து சேர்ந்திருக்கிறது. பீட்சாவும் பாஸ்தாவும் முடிகிற இடத்தில் டாக்கோ, புரிட்டோ, கெசடியா, நாச்சோஸ் என்று நான்கைந்து பெயர்கள் இருக்கும். பரிமாறுபவரிடம் கேட்டால், "சப்பாத்தி ரோல் மாதிரி இருக்கும் சார்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் எதை நம்பி வாங்கலாம், எதைத் தயங்காமல் தவிர்க்கலாம் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

[திரையில்: முற்றிய மக்காச்சோளம், சுண்ணாம்புத் தண்ணீர், கல்லில் அரைத்த மாவு.]

இந்த உணவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை டோர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டி. அதில் கறியோ காயோ வைத்து மடித்தால் டாக்கோ, சுருட்டிக் கட்டினால் புரிட்டோ, சீஸ் வைத்து மடித்துச் சுட்டால் கெசடியா. மெக்ஸிகோவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் அதை மக்காச்சோளத்தில் செய்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கோதுமையைக் கொண்டுவந்த பிறகு, வட மாநிலங்களில் கோதுமை டோர்ட்டியா வேரூன்றியது. மக்காச்சோளத்தை வெறுமனே மாவாக்கிப் பிசைந்தால் அது ஒன்றோடொன்று பிடிக்காது. தட்டும்போதே விரிசல் விடும். ஆகவே முற்றிய சோளமணிகளைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் தோல் போகக் கழுவி, ஈரமாகவே அரைத்தெடுக்கிறார்கள். இப்படிச் செய்வதால் மாவு இழுபடும் பதத்துக்கு வருவதோடு, கால்சியமும் சேர்கிறது. சோளத்தில் உடலுக்குக் கிட்டாத வகையில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்னும் வைட்டமினும் விடுபடுகிறது. இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட வட இத்தாலியில், அதையே முக்கிய உணவாக நம்பியிருந்த ஏழைகளிடையே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா என்னும் நோய் பரவியது.

நாம் வெற்றிலையில் தடவுவதும் அதே வகைச் சுண்ணாம்புதான். மக்காச்சோளத்துக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. டெல்டாவை ஒட்டியுள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அது ஏராளமாக விளைகிறது. விளைவதில் பெரும்பகுதி கோழித்தீவனமாகிவிட, நம் ஊர் உணவகங்களில் பெரும்பாலும் கிடைப்பது மைதா டோர்ட்டியாவோ, பாக்கெட்டில் வரும் மொறுமொறுப்பான டாக்கோ ஓடோதான். ஒரு சமையற்காரராவது துணிந்து சோளத்தை ஊறவைத்துப் பார்க்கலாம் என்பது என் ஆதங்கம். அதுவரை, மைதா என்று தெரிந்தே புரிட்டோவையும் கெசடியாவையும் வாங்குவதில் தவறில்லை. கோதுமை டோர்ட்டியா அவற்றுக்கு உரியதுதான். இனிப்புச் சோளத்தையும் குடைமிளகாயையும் தூவிவிட்டு எதற்கும் 'மெக்ஸிகன்' என்று பெயர் வைப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

[திரையில்: அமெரிக்க–மெக்ஸிகோ எல்லை வரைபடம்.]

மெனு கார்டில் இருப்பவற்றில் பல, எல்லையோரத்தில் அமெரிக்கர்களின் சுவைக்கேற்ப வளர்ந்தவை. நாச்சோஸையே எடுத்துக்கொள்வோம். 1940களின் முற்பகுதியில் பியெத்ராஸ் நெக்ராஸ் என்னும் எல்லையோர மெக்ஸிகன் ஊரில், இக்னாசியோ அனாயா என்ற உணவகப் பணியாளர், எல்லை தாண்டி வந்த அமெரிக்கப் பெண்களுக்காகப் பொரித்த டோர்ட்டியாத் துண்டுகளின் மேல் சீஸை உருக்கி, ஹாலப்பேன்யோ மிளகாய் வைத்துக் கொடுத்தது அது. அவருடைய செல்லப்பெயரே உணவின் பெயராயிற்று. வளைந்த மொறுமொறு டாக்கோவைப் பரப்பியவையும் அமெரிக்கச் சங்கிலிக் கடைகள்தாம். மெக்ஸிகோவின் தெருவோரங்களில் டாக்கோ என்றால் பெரும்பாலும் கையில் மடிகிற மென்மையான டோர்ட்டியா. அங்கே புகழ்பெற்ற டாக்கோ அல் பாஸ்தோர், லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மா முறையிலிருந்து பிறந்தது. தெருவுக்குத் தெரு ஷவர்மா கம்பி சுழலும் நம் ஊர்களில் இதை யாரும் முயலாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

உணவகத்தை எடைபோட எளிய வழி, தொட்டுக்கொள்ளத் தரும் சால்சாதான். தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கலந்த, சமைக்காத சால்சாவுக்குத் தேவையான அனைத்தும் காலைச் சந்தையிலேயே கிடைக்கும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து உலகெங்கும் பரவியவை. மிளகாயைப் போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். இவ்வளவு கைக்கெட்டும் பொருள்கள் இருந்தும் ஒரு கடை பாட்டில் சாஸை ஊற்றிக் கொடுத்தால், அங்கே மற்றவற்றையும் பாக்கெட்டைப் பிரித்துத்தான் தருவார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆகவே முதலில் சால்சாவை மட்டும் கேட்டு வாங்கிச் சுவைத்துப் பாருங்கள்.

அவகாடோ என்னும் வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்வது குவாக்கமோலே. அந்தப் பழம் கொடைக்கானல் மலைச்சரிவுகளில் விளைந்தாலும் விலை அதிகம். அதனால் சில இடங்களில் மயோனைஸைக் கலந்து அளவைப் பெருக்கிவிடுகிறார்கள். மசித்த பழம் காற்றுப் பட்டால் பழுப்பேறும். எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. மேற்புறம் சற்றே நிறம் மாறியிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

அவரை வகைகளில் சற்றுக் கவனம் தேவை. இங்கே ராஜ்மாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் புரதம் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது. நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அது செயலிழக்கும். விரலால் அழுத்தினால் மசியாத ராஜ்மாவைத் தட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள். சைவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: மெக்ஸிகோவில் மசித்த அவரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது மரபு. நம் ஊரில் எண்ணெயையே பயன்படுத்துவார்கள் என்றாலும், புரட்டாசியில் விரதம் இருப்பவர்கள், "தம்பி, கோழி வதக்கிய அதே தவாவில்தான் இதையும் சுடுவீர்களா?" என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுப்பது நல்லது.

[திரையில்: பார்சல் கட்டும் மேசை.]

வாங்கிக்கொண்டு திருவையாற்றுக்கோ பாபநாசத்துக்கோ போகிறவர்கள் மொறுமொறு டாக்கோவையும் நாச்சோஸையும் தவிர்த்துவிடலாம்; வழியிலேயே நீராவி கோத்து நமுத்துவிடும். புரிட்டோ அந்தத் தூரத்தைத் தாங்கும். சால்சாவை மட்டும் உள்ளே வைக்காமல் தனிக் கிண்ணத்தில் கட்டித் தரச் சொல்லுங்கள்.