நகத்தடியில் ஒரு சிறு கட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

தை மாதத்தில் உதகைப் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்திருக்கும் காலையில், குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் யாருக்கும் விரல் மரத்துப்போகும். ஆனால் ஒரே ஒரு நகம் மட்டும் தண்ணீர் பட்ட நொடியில் ஊசி ஏற்றியதுபோல் வலித்து, அந்த வலி தோள்வரை ஏறினால், குளிரை மட்டும் குறை சொல்ல முடியாது.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா பல வருடம் இப்படி அவதிப்பட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வாதம் என்றார்கள். கடைசியில், "வலி உன் மனசுலதான்" என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. குண்டூசியின் தலையால் அவர் நகத்தை அங்கங்கே மெல்ல அழுத்திப் பார்த்தேன். ஓரிடத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒரு நெல்மணி அளவு தள்ளி அழுத்தினால் வலியே இல்லை.

அது குளோமஸ் கட்டி. உடம்புச் சூடு வீணாகாமல் காக்க, குளிரில் ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நுண்ணிய குழாய் முடிச்சுகள் நம் எல்லோருடைய விரல்நுனியிலும் உண்டு. அதிலிருந்து வளர்வதுதான் இது. அபூர்வமானது, புற்றாக இருப்பது மிக மிக அரிது. மாத்திரையில் கரையாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

விரலடியில் இரு பக்கமும் மரப்பு ஊசி போட்டு, நகத்தைத் தூக்கி, அடியிலுள்ள சதையைக் கீறினால் பெரும்பாலும் மிளகளவுகூட இல்லாத உருண்டை ஒன்று தெரியும். துணுக்கு மிச்சமில்லாமல் எடுத்து, மெல்லிய நூலால் தைத்து, பரிசோதனைக்கு அனுப்புவோம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

அன்றிரவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். மரப்பு தெளிந்ததும் விரல் விண்விண்ணென்று தெறிக்கும். வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். மரப்பு இருக்கும்போதே முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள், மருத்துவர் சொன்ன நேரப்படி. பாராசிட்டமால் என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஈரல் நோயோ குடிப்பழக்கமோ இருந்தால் இன்னும் குறைவு. சிறுநீரகக் கோளாறு, குடல்புண், ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு சில வலி மாத்திரைகள் உங்களுக்கு ஆகாது. மாத்திரை தின்றால் புண் ஆறாது என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கையைத் தொங்கவிட்டால் வீக்கம் கூடும், வலியும் கூடும். படுக்கும்போது இரண்டு தலையணைமேல் வையுங்கள். முக்கியமாக, மரத்த விரலைக் கணப்புச் சட்டியில் காட்டாதீர்கள். சுட்டாலும் தெரியாது. உலர்ந்த கம்பளித் துணியால் தளர்வாகச் சுற்றினால் போதும். நாளாக ஆக வலி குறைய வேண்டும். கூடினாலோ, சீழ், காய்ச்சல் கண்டாலோ உடனே வாருங்கள்.

புது நகம் முழுதாக வளர ஆறு மாதம்போல் ஆகும், கொஞ்சம் மேடுபள்ளமாகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்தும் தண்ணீர் பட்டால் அந்தப் பழைய குத்தல் இருந்தால், கட்டியில் ஒரு துணுக்கு தங்கியிருக்கலாம், பக்கத்தில் இன்னொன்றும் இருக்கலாம். தயங்காமல் மறுபடி வந்து காட்டுங்கள். வணக்கம்.