புண்பட்ட மனதுக்கு ஒரு சட்டப்பிரிவு

நேயர்களுக்கு வணக்கம். மதநிந்தனைச் சட்டங்களையும் பேச்சுரிமையையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற வம்புக்கு நான் வரவில்லை, அது வானொலியில் தீர்கிற வழக்கும் அல்ல. நான் கேட்க வந்தது ஒன்றுதான்: மனம் புண்பட்டது என்று ஒருவர் புகார் கொடுத்தால், அதை எதை வைத்து அளப்பது? அடிபட்டவருக்குக் காயம் இருக்கும், டாக்டர் எழுதிக் கொடுப்பார். பணத்தைப் பறிகொடுத்தவரிடம் கணக்கு இருக்கும். மனம் புண்பட்டவரிடம் காட்டுவதற்குக் கோபம் மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் யார் அதிகம் கோபப்படுகிறாரோ அவர் கையில்தான் வலுவான சாட்சியம், இல்லையா?

மத உணர்வைப் புண்படுத்துவதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 295-ஏ என்ற பிரிவு பிறந்த கதையைப் பாருங்கள். 1920களில் லாகூரில் நபிகள் நாயகத்தைக் கேவலப்படுத்தி ஒரு சிறு வெளியீடு வருகிறது. வெளியிட்ட ராஜ்பால் மீது வழக்கு. சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் சட்டம் அப்போதே இருந்தது, ஆனால் மறைந்துபோன ஒரு மதத் தலைவரைப் பற்றி எழுதியது அந்தச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லி 1927-இல் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தெருவெல்லாம் கொந்தளிப்பு. அதே ஆண்டு, மத உணர்வுகளை வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்துவது குற்றம் என்று புதிய பிரிவைக் கொண்டுவந்தார்கள். அப்போது மத்திய சட்டமன்றத்தில் இருந்த ஜின்னா, நேர்மையாக ஒரு மதத்தை விமர்சிப்பவர்களுக்கும் வரலாறு எழுதுபவர்களுக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று பேசினார் (இன்றைக்கு அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு). சரி, சட்டம் வந்ததும் கோபம் அடங்கியதா? 1929-இல் ராஜ்பாலைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்கள்.

பிரிவினைக்குப் பிறகு இரண்டு நாடுகளும் அந்தச் சட்டப் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. பாகிஸ்தானில் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில், 1986-இல், 295-சி சேர்ந்தது. அதில் நபியை இழிவுபடுத்தினால் மரண தண்டனை வரை உண்டு, பழைய பிரிவில் இருந்த ‘கெட்ட நோக்கம்’ என்ற நிபந்தனையோ காணாமல் போய்விட்டது.

அதற்கு அப்புறம் நடந்ததற்கு ஆசியா பீபி வழக்கு ஒன்று போதும். 2009 ஜூனில் ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்குள் தண்ணீரை வைத்து வாய்த்தகராறு. கிறிஸ்தவப் பெண் கை பட்ட தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்ல, பேச்சு முற்றிவிட்டது. ஐந்து நாள் கழித்து, தகராறு நடந்தபோது அங்கே இல்லாத ஒரு மதகுரு, அந்தக் கிறிஸ்தவப் பெண் நபியை இழிவுபடுத்தினார் என்று போலீசில் புகார் கொடுக்கிறார். 2010-இல் அந்தப் பெண்ணுக்கு, அதாவது ஆசியா பீபிக்கு, தூக்குத் தண்டனை. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார், கொன்றவர் நீதிமன்றத்துக்கு வந்தபோது வழக்கறிஞர்களே ரோஜா இதழ்களைத் தூவினார்கள். சாட்சியங்களை நம்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஆசியா பீபியை விடுவித்தபோது 2018 அக்டோபர் ஆகிவிட்டது.

இதெல்லாம் அந்த மாதிரி நாடுகளில்தான் நடக்கும் என்று யாராவது சொல்வதற்குள் அயர்லாந்துக்குப் போவோம். 2009-இல், அதாவது நேற்று மாதிரி, அங்கே மதநிந்தனைக்கு 25,000 யூரோ வரை அபராதம் என்று சட்டம் போட்டார்கள். நடிகர் ஸ்டீபன் ஃப்ரை தொலைக்காட்சிப் பேட்டியில் கடவுளைக் கடுமையாகப் பேசினார் என்று புகார் வந்தது, போலீஸ் விசாரித்தது, கொதித்தெழுந்தவர்கள் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை என்று 2017-இல் கோப்பை மூடியது. வேடிக்கை என்னவென்றால், புகார் கொடுத்தவரே தன் மனம் ஒன்றும் புண்படவில்லை என்று சொல்லிவிட்டார்! மறு ஆண்டு பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் அரசியல் சட்டத்திலிருந்தே அந்தக் குற்றத்தை நீக்க வாக்களித்தார்கள்.

அப்படியென்றால் யாரும் எதையும் பேசலாமா என்று கேட்பீர்கள். கூடாது. ஒரு மதத்தைச் சேர்ந்தவர்களை அடி, விரட்டு, அவர்கள் கடையில் வாங்காதே என்று தூண்டுவது வேறு விஷயம். அங்கே ஆபத்து மனிதர்களுக்கு, அதைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2011-இல் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போட்டது. கோடு போடுவது சுலபம், அதன் மேல் நிற்பதுதான் பெரும்பாடு. டென்மார்க் 2017-இல் தன் மதநிந்தனைச் சட்டத்தை நீக்கியது. குர்ஆன் எரிப்புகள் பாதுகாப்புச் சிக்கலாக மாறியதும் 2023 டிசம்பரில் புனித நூல்களைப் பொது இடத்தில் இழிவுபடுத்தக் கூடாது என்று இன்னொரு சட்டம் போட்டது. எரிப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனாலும் மிரட்டலுக்குப் பயந்து போட்ட சட்டத்தை அடுத்த முறை மிரட்டுகிறவரும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

இந்தியாவில் 295-ஏ இப்போது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. கெட்ட நோக்கத்தோடு செய்கிற கடுமையான அவமதிப்புக்குத்தான் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1957-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதெல்லாம் விசாரணையில் வருகிற பேச்சு. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. ஒரு பதிவு போட்டவரை ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிக்கொண்டு போன பிறகு, அவருக்கு நோக்கம் இருந்ததா என்று ஆற அமர ஆராய்வார்கள். நீதிமன்றம் இந்த வழக்கைக் கையில் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, கைது செய்ய அது தேவையில்லை. பிரிவையே எடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதற்கு எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வராது என்று தெரியும். அதனால் குறைந்தபட்சம் அந்த அனுமதியைக் கைதுக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள், நடைமுறைச் சட்டத்தில் திருத்தம் செய்தால் போதும். நன்றி.