அண்டை நாட்டு ஆஸ்பத்திரியும் நம் செய்தித்தாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

2017-ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்கு என்று பதிவானவர்கள் சுமார் 1,86,000 பேர். அதே ஆண்டில் இந்தியா முழுவதிலும் பதிவானவர்கள் சுமார் 1,88,000 பேர். இலங்கையின் மக்கள்தொகை அப்போது 2 கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. நம்முடையது 130 கோடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் ஒரு கேள்வி எழ வேண்டும். தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியை நம் செய்திகளில் நான் பார்த்ததே இல்லை. இலங்கையில் டெங்கு தலைவிரித்தாடுகிறது என்று தலைப்புப் போட்டோம், அத்தோடு முடிந்தது.

அந்த ஆண்டு அங்கே நோய் கடுமையாக இருந்தது உண்மைதான். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் எண்ணிக்கை அவ்வளவு உயர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே டெங்கு என்று சந்தேகம் எழுந்தாலே மருத்துவர் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டைத் தேடிப் போய், சுற்றுப்புறத்தில் எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பார்ப்பார். நம் நாட்டில் எலிசா என்ற ஆய்வக இரத்தப் பரிசோதனையில் உறுதியானால்தான் நோயாளி அரசுக் கணக்கில் ஏறுவார். தனியார் மருத்துவமனையில் உடனே முடிவு தெரியும் அட்டைப் பரிசோதனை செய்து, மருந்து வாங்கி, குணமாகி வீட்டுக்குப் போனவர் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் இல்லை. 2006 முதல் 2012 வரை இந்தியாவில் உண்மையாக டெங்கு கண்டவர்கள் பதிவான எண்ணிக்கையைப் போல 282 மடங்கு இருக்கலாம் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கணக்கு எழுதிவைக்கிற கடைக்காரர் கடனாளியாகவும், எழுதாதவர் வசதியானவராகவும் ஊருக்குத் தெரிவதைப் போன்றது இது. ஒழுங்காக எண்ணுகிற நாடு செய்தியில் நோயாளி நாடாகிவிடுகிறது.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. செய்தி எப்படி வருகிறது என்பதைச் சொன்னால் விளங்கும். ஓரிரு ஆங்கில நாளிதழ்கள் கொழும்பில் நிருபர் வைத்திருக்கின்றன. நம் தமிழ் இதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் பெரும்பாலும் ஆள் கிடையாது. செய்தி நிறுவனத்திடமிருந்து மாலையில் ஆங்கிலத்தில் வரும். வெளிநாட்டுப் பக்கத்தில் விளம்பரம் போக மிஞ்சிய இடத்துக்கு ஏற்ப அதைச் சுருக்க வேண்டும். சுருக்கும்போது மூன்றுதான் தப்பும்: எத்தனை பேர் இறந்தார்கள், அமைச்சர் என்ன சொன்னார், இந்தியா என்ன செய்தது. நோயாளி எந்த வாசல் வழியாக உள்ளே போனார், அவரை யார் பார்த்தார்கள், மருந்துக்கு யார் பணம் கட்டினார்கள் என்பவை வெட்டுப்பட்டுப் போகும். கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சென்னையின் தூரத்தில் பாதிகூட இல்லை. நம் கரையில் இலங்கை வானொலி கேட்டு, அதன் மரண அறிவித்தல்களைக்கூட விடாமல் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இத்தனை அருகில் இருக்கிற ஊரின் செய்தி டெல்லி வழியாகச் சுற்றி நமக்கு வந்து சேர்கிறது.

எதை இழக்கிறோம் என்பதற்கு மலேரியாவை எடுத்துக்கொள்கிறேன். 1934–35-இல் இலங்கையில் பரவிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். டிடிடி தெளித்து, வீடு வீடாகக் கண்காணித்து, 1963-இல் நோயாளிகளை வெறும் 17 பேராகக் குறைத்தார்கள். ஒழிந்தது என்று கை தளர்ந்தார்கள். 1969-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. மறுபடியும் தொடங்கினார்கள், இந்த முறை போருக்கு நடுவே. வடக்கிலும் கிழக்கிலும் துப்பாக்கிகள் எதிரெதிரே நின்ற காலத்தில்கூட கொசுவலைகளும் மருந்தும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போயின. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நம் இதழ்களில், நான் பார்த்தவரை, இந்த அறிவிப்புக்குக் கிடைத்தது உள்பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி.

அதன் பிறகு நடந்தது நம்மை நேரடியாகத் தொடுகிறது. 2016 டிசம்பரில் மன்னாரில் ஒரு புதிய கொசு இனம் கண்டறியப்பட்டது: நம் நகரங்களில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிட்டு மலேரியா பரப்புகிற அதே அனாபிலிஸ் ஸ்டீபன்சி. 2018 டிசம்பரில், மொனராகலை மாவட்டத்தில் கட்டுமான வேலைக்கு இந்தியாவிலிருந்து போன தொழிலாளர் ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நோய் தொற்றியது. அந்த ஒரே ஒருவருக்காக அவர்கள் சுற்றுவட்டாரம் முழுவதும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மலேரியா உள்ள நாடுகளுக்குப் பயணம் போகிற தம் மக்களுக்குத் தடுப்பு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய பட்டியலில் நம் நாடும் இருக்கிறது. அவர்கள் கண்ணில் நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டிய அண்டை நாடு என்பதை எந்தத் தமிழ்ச் செய்தி நமக்குச் சொன்னது?

பிரசவ மரணத்தையும் பாருங்கள். ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இலங்கையில் 2020 வாக்கில் சுமார் 30 தாய்மார் இறந்தார்கள். 2018–20 கணக்கின்படி இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, பக்கத்துக் கேரளத்தில் 19. கேரளத்தின் எண் நமக்குத் தெரியும். மலையாளத் தொலைக்காட்சி நம் வீடுகளுக்குள் ஓடுகிறது. இலங்கையின் எண் தெரியாது. களுத்துறையில் 1926-இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து, கர்ப்பிணியின் வீட்டுக்கே போகிற மருத்துவமாது ஒருவரை ஊர்தோறும் வைத்திருக்கும் ஏற்பாட்டின் விளைவு அது. நம் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதைச் சொன்னால் எவ்வளவு ஆர்வத்தோடு கேட்பார்!

2022-இல் இலங்கை திவாலானபோது செய்தி பெருகியது. அந்நாடு தன் மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. டாலர் தீர்ந்ததும் மருந்தும் தீர்ந்தது. மார்ச் மாத இறுதியில் பேராதனை மருத்துவமனை, திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவைத்தது. மே 18 அன்று சென்னையிலிருந்து அரிசி, பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகளோடு கப்பல் புறப்பட்டது. தமிழ்நாட்டு மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் கப்பல் கரையை விட்டதும் செய்தியும் கரையை விட்டது. மருந்து எந்த மருத்துவமனைக்குப் போனது, அறுவைச் சிகிச்சைகள் எப்போது மீண்டும் தொடங்கின, எத்தனை மருத்துவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பது நம் வாசகருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு இந்தியாவில் தயாரான கண் சொட்டு மருந்தால் அங்கே அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பலருக்குக் கண்ணில் தொற்று ஏற்பட்டது. வேறொரு தரமற்ற மருந்துக் கொள்முதல் வழக்கில் சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பிப்ரவரியில் கைதானார். அதை விடாமல் துருவியவர்கள் இலங்கையின் செய்தியாளர்களும் மருத்துவர்களும். கப்பலைப் பற்றி அறிந்த நம்மில் எத்தனை பேர் அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி அறிவோம்?

மாலத்தீவு விஷயத்தில் நடந்தது என்னை அதிகம் வருத்தியது. 2024 ஜனவரியில் இரு நாட்டு அரசியல் கசந்திருந்த வாரங்களில், தொலைதூரத் தீவு ஒன்றில் 14 வயதுச் சிறுவன் நோய் முற்றிய நிலையில் தலைநகர் மாலேவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு இறந்தான். விமானம் வரத் தாமதமானது என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். இந்தியா கொடுத்த டோர்னியர் விமானத்தை அதிபர் பயன்படுத்த அனுமதிக்காததால் இறந்தான் என்று நம் தொலைக்காட்சிகள் அன்றிரவே தீர்ப்பு எழுதின. கடைசி நேரத் தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று அவசரப் பயணங்களை ஏற்பாடு செய்யும் நிறுவனம் சொன்னது. எது உண்மை என்று விசாரித்து எழுதியிருக்கலாம். ஏறத்தாழ 190 தீவுகளில் மக்கள் சிதறி வாழும் நாட்டில் நள்ளிரவில் ஒரு நோயாளியை எப்படி எடுத்துவருவார்கள், எந்தத் தீவில் எந்த வசதி உண்டு என்று கேட்டிருக்கலாம். ஒரு குழந்தையின் சாவு ஒரு நாட்டை ஏசுவதற்கு வாகான வாக்கியமாகிவிட்டது. மாலத்தீவுக்காரர்கள் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்களிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் விவரம் கேட்டிருக்க முடியும்.

வடக்கே உள்ள அண்டை நாடுகளைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வங்கதேசம் என்றால் நமக்குப் புயலும் வெள்ளமும் நினைவுக்கு வரும். 1980-களில் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் தண்ணீரில் கலந்து வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் முறையை 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1971-இல், வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் உப்பும் குளுக்கோஸும் கலந்த அதுபோன்ற கரைசலால் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியவர் நம் நாட்டு மருத்துவர் திலீப் மகலானாபிஸ். பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போகிற பெண்கள் சுட்டுக்கொல்லப்படுகிறார்கள். அடுத்த நாள் வேறு பெண்கள் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். கொலை செய்தியாகிறது, கிளம்புவது ஆவதில்லை.

2021 ஏப்ரலில், கொரோனா காலத்தில், உலகத் தொலைக்காட்சிகள் டெல்லியில் எரியும் சிதைகளை இரவும் பகலும் காட்டியபோது நாம் புண்பட்டோம். நம் செவிலியர்கள் செய்ததை ஏன் காட்டவில்லை என்று கேட்டோம். நியாயமான கேள்வி. நம் சாவு எண்ணிக்கையையும் வெளியார் கேள்வி கேட்டார்கள்: 2021 இறுதிவரை அரசுக் கணக்கு சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 லட்சம். அரசு அதை மறுத்தது. அந்த ஏப்ரலில்தான் பாகிஸ்தானின் எதி அறக்கட்டளை 50 ஆம்புலன்ஸ்களோடு வந்து உதவட்டுமா என்று நம் பிரதமருக்கு எழுதியது. அதையும் நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

நம் மாவட்டச் செய்தியாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இலங்கையின் தொற்றுநோய்ப் பிரிவு டெங்கு உள்ளிட்ட நோய்களின் எண்ணிக்கையை மாவட்டவாரியாக, வாரந்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. யாழ்ப்பாணமும் மன்னாரும் தனித்தனியாக அதில் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் அவர்களுக்கும் நமக்கும் ஒரே மாதங்களில் காய்ச்சல் வருகிறது. அந்த எண்களை நம் மாவட்ட எண்களோடு சேர்த்து, இரண்டும் எப்படி எண்ணப்பட்டவை என்ற ஒரு வரியோடு, வாரம் ஒருமுறை அச்சிடலாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களிடம் விளக்கம் கேட்கலாம். பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. ஊரில் உறவினர் எந்த வைத்தியசாலைக்குப் போகிறார்கள், மருந்து கிடைக்கிறதா என்று அவர்களிடம் நேரில் கேட்டு எழுத விசா தேவையில்லை. அக்டோபர் மழைக்கு முன் தொடங்கினால் இந்த ஆண்டே பயன்படும். நேயர்கள் தங்கள் நாளிதழுக்கு இதைக் கேட்டு ஓர் அஞ்சலட்டை எழுதினால் ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வாய்ப்புத் தந்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.