காங்: இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர்

அவையோருக்கு வணக்கம்.

அயர்லாந்து போகிறவர்கள் டப்ளினில் தங்குவார்கள், மோஹர் என்ற இடத்தின் கடலோரச் செங்குத்துப் பாறைகளைப் பார்ப்பார்கள், விமானம் ஏறிவிடுவார்கள். உங்கள் பயணத்தில் இரண்டு நாளை மிச்சம் பிடித்து மேற்கே காங் என்ற ஊருக்குப் போய் வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மேயோ மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், கால்வே மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது காங். வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி. ஊரில் இருநூறு பேர் இருந்தாலே அதிகம். தெருவில் எதிர்ப்படுகிறவர் முன்பின் தெரியாத உங்களுக்கும் தலையசைப்பார். பப் என்றதும் தயங்காதீர்கள். அங்கே குடும்பத்தோடு வந்து சூப்பும் சோடா ரொட்டியும் சாப்பிடுகிறார்கள். பக்கத்து மேசைக்காரர் மழையைப் பற்றி ஆரம்பிப்பார். நீங்களும் மழையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு எங்கெங்கோ போகும்.

ஊருக்குள்ளேயே 12ஆம் நூற்றாண்டு மடாலயத்தின் இடிபாடு நிற்கிறது. அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் ரோரி ஓ’கானர் தன் இறுதிக் காலத்தை இங்கே கழித்து 1198இல் இறந்தார். பின்னால் ஆற்றின் மேல் ஒரு கல் குடில் இருக்கிறது. துறவிகள் மீன் பிடித்த இடம் அது. குனிந்து உள்ளே போனால் தரையில் ஒரு திறப்பு, அதன் கீழே ஓடும் தண்ணீர், ஓரத்தில் குளிர்காய ஒரு கணப்பு. மீன் சிக்கியதும் சமையலறையில் மணி அடிக்கும்படி கயிறு கட்டியிருந்தார்களாம். அப்படித்தான் ஊரில் சொல்கிறார்கள்.

சரி, இதெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்திலேயே இருக்கும். நான் உங்களை அழைத்துப்போக நினைப்பது அங்குள்ள வறண்ட கால்வாய்க்கு.

1840களின் கடைசியில், உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, பஞ்ச நிவாரண வேலையாக அதை வெட்டினார்கள். மாஸ்கையும் காரிப்பையும் இணைத்துப் படகு விடுவது திட்டம். பசியில் வாடிய மக்கள் கூலிக்காகப் பாறையை உடைத்தார்கள். ஆனால் அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மாஸ்க் ஏரித் தண்ணீரே பூமிக்கடியில் புகுந்து ஓடி, காங்கில்தான் மேலே கிளம்புகிறது. கால்வாய்க்கு வரும் தண்ணீரும் சல்லடையில் ஊற்றியது போல இறங்கிவிடும். 1854இல் வேலையைக் கைவிட்டார்கள். இன்றும் மதகுச் சுவர்கள் அப்படியே நிற்கின்றன. கையால் செதுக்கிய கற்கள், ஒன்றோடொன்று அத்தனை நேர்த்தியாகப் பொருந்தியவை. அடியில் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தக் கற்களைத் தொட்டுப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

1841இல் அயர்லாந்தின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கு மேல். பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். மேயோ மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அங்கே நாம் ரசிக்கும் அமைதியில், போனவர்கள் விட்டுச்சென்ற வெறுமையும் கலந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஊர் வேறு மாதிரித் தெரியும். அழகு குறையாது, அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கால்வே நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேருந்து குறைவு, நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். கோடையில் பகலில் சுற்றுலாக் கூட்டம் வரும், மாலையில் கலைந்துவிடும். அதனால் ஒரு இரவாவது அங்கே தங்குங்கள். காலையில் முதல் வேலையாகக் கால்வாய்ப் பக்கம் நடங்கள். புல் ஈரமாக இருக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள்.